கைக்கு அமைந்த ஒரு பாட்டு: கிட்டார் பழகுபவர் எதைத் தேர்வது?

இரண்டு மூன்று ஆண்டுகள் கிட்டார் பழகிய ஒருவரிடம் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னால், பெரும்பாலும் அவர் பத்துப் பாட்டுகளின் முதல் அரை நிமிடத்தை வாசித்துக் காட்டுவார். ஒவ்வொன்றும் அழகாகத் தொடங்கும். கை தடுமாறும் இடம் நெருங்கும்போது, "அடுத்து இது" என்று இன்னொன்றுக்குத் தாவிவிடுவார். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். பொழுதுபோக்காகக் கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் கூடும்போதெல்லாம், "நீங்கள் மிக நன்றாக வாசிப்பதாக நினைக்கும் பாட்டு எது?" என்ற கேள்வி எழும். பதில் சொல்பவரின் முகம் அப்போது மலர்ந்துவிடும். அந்தப் பாட்டை முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம்வரை நிற்காமல் வாசித்திருக்கிறாரா என்று கேட்டால் மட்டும் சற்றுத் தயங்குவார்.

ஒரே ஒரு பாட்டை முழுமையாகத் தன்வசப்படுத்திக்கொள்ள விரும்புபவருக்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். அவர் நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கக்கூடியவர். திறந்த கார்டுகளை (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க, சில தந்திகளை அழுத்தாமலே விட்டுப் பிடிக்கும் பிடிகளை) ஓரளவு தடங்கலின்றி மாற்றத் தெரிந்தவர். மூன்று மாதத்துக்குப் பின் ஒரு குடும்ப நிகழ்ச்சியிலோ நண்பர்கள் நடுவிலோ தயக்கமின்றி வாசிக்க ஆசைப்படுபவர் என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவை "இளைய நிலா பொழிகிறதே", "என் இனிய பொன் நிலாவே", "ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்", "ரொமான்ஸ்" என்று வழங்கும் ஸ்பானிய கிட்டார் இசைத்துண்டு, பீட்டில்ஸ் குழுவின் "பிளாக்பேர்ட்" ஆகியவையே. இவை ஐந்தையும் நான் வெவ்வேறு காலங்களில் பழகியிருக்கிறேன். இவற்றில் மூன்றைப் பிறர் முன்னிலையில் வாசித்திருக்கிறேன்.

மற்ற சில பெயர்களை விரைவாகத் தள்ளிவிடலாம். "ஸ்மோக் ஆன் த வாட்டர்" பாட்டின் தொடக்கச் சொற்றொடரை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்; ஆனால் டிரம்ஸும் பாஸும் இல்லாத அறையில் அதற்குப் பின் வாசிப்பதற்கு அதிகம் இல்லை. "ஹோட்டல் கலிஃபோர்னியா" பாட்டின் உயிர் அதன் இறுதியில் இரண்டு கிட்டார்கள் மாறி மாறியும் இணைந்தும் வாசிக்கும் பகுதியில் இருக்கிறது. தனி ஒருவர் அதை எடுத்துக்கொண்டால் பாதிப் பாட்டே கையில் நிற்கும். "டஸ்ட் இன் த விண்ட்" நல்ல பாட்டுதான். ஆனால் கட்டைவிரல் இரண்டு தந்திகளுக்கு இடையே ஓயாமல் மாறி மாறி அடிக்க, மற்ற விரல்கள் அதன் குறுக்கே இடையிட்டு ஒலிக்கும் அந்த முறை ஒருவர் கையில் ஏற்கெனவே படிந்திருந்தால் ஒழிய, மூன்று மாதங்களில் பெரும்பகுதி வலது கைப் பயிற்சியிலேயே கரைந்துவிடும்.

எந்த அளவுகோலால் ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என் தவறு அங்கேதான் தொடங்கியது. என் அறையில், என் கிட்டாரில், பத்தாவது முறை வாசிக்கும்போது எந்தப் பாட்டு மிக அழகாக ஒலித்ததோ அதையே என் சிறந்த பாட்டு என்று நினைத்திருந்தேன். பத்தாவது முறைக்குள் விரல்கள் சூடேறியிருக்கும், காது அந்த ஸ்கேலுக்குப் பழகியிருக்கும், சென்ற முறை செய்த பிழை நினைவில் இருக்கும். கேட்பவர் முன்னால் அமரும்போது கிடைப்பதோ முதல் முறை மட்டுமே. ஆகவே ஒரு பாட்டு நம் நல்ல நாளில் எவ்வளவு உயரம் போகிறது என்பதைக் காட்டிலும், மோசமான நாளில் எந்த அளவோடு சரிவதை நிறுத்திக்கொள்கிறது என்பதே தேர்வுக்கு உரிய கேள்வி.

எங்கள் பெரியப்பாவின் மணிவிழாவில் இதை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். "ரொமான்ஸ்" இசைத்துண்டின் இரண்டு பகுதிகளையும் நான்கு மாதம் பழகியிருந்தேன். மாலையில் உறவினர்கள் கூடியிருந்தபோது வாசிக்கச் சொன்னார்கள். என்னுடைய நைலான் தந்திக் கிட்டாரை ஊரிலேயே விட்டு வந்திருந்ததால், சித்தி மகனின் ஸ்டீல் தந்திக் கிட்டாரை வாங்கி அமர்ந்தேன். அதில் தந்திகள் கழுத்திலிருந்து சற்று அதிக உயரத்தில் இருந்தன. முதல் பகுதி நன்றாகவே போயிற்று. இரண்டாம் பகுதியில், ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்துத் தந்திகளை ஒன்றாக அழுத்த வேண்டிய பார் கார்டுகள் வரிசையாக வந்தபோது விரல் களைத்து, இரண்டாம் தந்தி ஒலிக்காமல் மட்டென்று அடைத்தது. நிறுத்தினேன், மறுபடி தொடங்கினேன், மறுபடியும் அதே இடத்தில் நின்றேன். பெரியப்பா முன்னால் சாய்ந்து, "தம்பி, மொதல்ல ஒண்ணு வாசிச்சியே, அதையே இன்னொரு தடவ வாசிப்பா" என்றார். வாசித்தேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் கிடைத்த தெளிவுக்குப் பின்வரும் ஒப்பீடு பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

எனவே "ரொமான்ஸ்" இசைத்துண்டிலிருந்தே தொடங்குகிறேன். இதை இயற்றியவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. 1952-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்துக்காக ஸ்பானியக் கலைஞர் நார்சிஸோ யெபெஸ் வாசித்த பிறகு இது உலகெங்கும் பரவியது. மூன்று அடி கொண்ட தாளத்தில் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிகிறது. நம் வழக்கில் திஸ்ர நடை என்றால் உடனே புரியும். வலது கையின் மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் என்ற வரிசை ஒரு முறைகூட மாறாது. மோதிர விரல் தொடும் முதல் தந்தியில் மெட்டு நகர்கிறது. ஒவ்வோர் ஆவர்த்தத்தின் (தாளத்தின் ஒரு சுற்றின்) தொடக்கத்திலும் கட்டைவிரல் ஓர் அடித்தள ஸ்வரத்தை மீட்டுகிறது. முதல் ஆறு ஆவர்த்தங்களில் மெட்டு முதல் தந்தியிலேயே நகர, இரண்டாம் மூன்றாம் தந்திகளும் அடித்தளத் தந்தியும் திறந்தே ஒலிக்கின்றன. அதாவது இடது கையில் ஒரே ஒரு விரல் அந்த முதல் தந்தியின்மேல் ஏறி இறங்கினாலே முழு இசை கிடைத்துவிடுகிறது. இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு நிறைந்த ஒலியைத் தரும் வேறொரு கிட்டார் இசைத்துண்டை நான் அறியேன்.

சோதனை ஏழாவது ஆவர்த்தத்தில் வருகிறது. 5-ஆம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) ஒரு பார் கார்ட், அதைத் தொடர்ந்து 7-ஆம் ஃப்ரெட்டில் இன்னொன்று. இரண்டாவதைப் பிடித்தபடியே சுண்டுவிரலை 11-ஆம் ஃப்ரெட்டுக்கு நீட்ட வேண்டும். இந்த நான்கு ஆவர்த்தங்களே முதல் பகுதியின் முழுக் கடினமும். அவற்றைக் கடந்தால் மெட்டு மீண்டும் இறங்கிவந்து ஈ மைனரில் அமைதியாக முடிகிறது. இரண்டாம் பகுதி ஈ மேஜருக்கு மாறுகிறது. வெளிச்சம் பாய்ச்சியதுபோல் அழகாக இருக்கும், ஆனால் பார் கார்டுகள் அடுத்தடுத்து வருகின்றன, இடது கைக்கு ஓய்வே கிடைப்பதில்லை. ஆசிரியர்கள் பலர் இரண்டு பகுதிகளையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள். முழுமை என்ற நோக்கில் அது சரிதான். மூன்று மாத இலக்குடன் வருபவரிடம் மட்டும் நான் வேறு விதமாகச் சொல்வேன்: முதல் பகுதி தன்னளவில் நிறைவாக முடிகிறது, ஆகவே அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 60 அடி என்ற நிதானத்தில் அதன் 16 ஆவர்த்தங்களும் 48 நொடியில் முடிந்துவிடும். இரண்டாவது முறை வலது கையைக் கழுத்தை நோக்கிச் சற்று நகர்த்தி, ஒலி குழைந்து வருமாறு மெதுவாக வாசித்தால் கேட்பவருக்கு அது திரும்பச் சொல்வதுபோல் தோன்றாது.

இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மெட்டு ஒற்றைத் தந்தியில் தனியாக நிற்பதால் ஒரு ஸ்வரம் அடைத்தாலும் எல்லாருக்கும் கேட்டுவிடும். நகம் சீராக இல்லையென்றால் மோதிர விரலின் ஒலி மெலிந்து, துணை ஸ்வரங்கள் மெட்டை மூடிவிடும். என் கைபேசியில் பதிவு செய்து கேட்டபோது வேறொன்றும் தெரிந்தது. எளிய ஆறு ஆவர்த்தங்களில் நான் வேகமாக ஓடுகிறேன், பார் கார்ட் வரும் இடத்தில் தயங்குகிறேன். வாசிக்கும்போது இரண்டுமே என் காதில் விழவில்லை. சீரான வேகத்தில் தட்டும் மெட்ரோநோம் கருவியை வைத்துக்கொண்டு கடினமான நான்கு ஆவர்த்தங்களின் வேகத்தைக் கண்டறிந்து, முழுப் பகுதியையும் அந்த வேகத்துக்கே இறக்கிய பிறகுதான் அது இசையாயிற்று.

"ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்" இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. இது பழைய அமெரிக்க நாட்டார் பாட்டு. பாப் டிலன் 1962-இல் தம் முதல் இசைத்தட்டில் பாடினார், 1964-இல் இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழு வெளியிட்ட வடிவமே கிட்டார் பழகுபவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அந்த வடிவில் ஹில்டன் வேலன்டைன் ஒவ்வொரு கார்டையும் ஒரே மூச்சில் அடிக்காமல், தந்தி தந்தியாகப் பிரித்து ஏறி இறங்குமாறு வாசித்தார். ஆறு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தம், ஆவர்த்தத்துக்கு ஒரு கார்ட், 16 ஆவர்த்தங்களுக்கு ஒரு கண்ணி. ஏ மைனர், சி, டி, எஃப் என்று ஏறும் வரிசை ஈ கார்டில் தங்கி மறுபடி தொடங்குகிறது. டி கார்டில் ஒலிக்கும் சதுச்ருதி தைவதம் அடுத்த ஆவர்த்தத்திலேயே எஃப் கார்டின் சுத்த தைவதமாக இறங்குவதும், ஈ கார்டில் காகலி நிஷாதம் எட்டிப்பார்ப்பதும் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு தனிச் சுவை. அன்னிய மொழிப் பாட்டு என்றாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கவனித்துக் கேட்டதற்கு இந்த நிறமாற்றமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பழகுபவரைப் பயமுறுத்தும் எஃப் கார்ட் கண்ணிக்கு இரண்டு முறை, 4-ஆவது ஆவர்த்தத்திலும் 12-ஆவதிலும் வருகிறது. ஆறு தந்திகளையும் அடக்கிப் பிடிக்க முடியாதவர் கீழ் நான்கு தந்திகளில் மட்டும் அதைப் பிடிக்கலாம். தந்தி தந்தியாக மீட்டும் முறையில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. இந்தப் பாட்டின் மிகப் பெரிய நன்மை, பிழை நேர்ந்தால் அது அந்த ஆவர்த்தத்தோடு முடிந்துவிடுகிறது என்பதே. ஒரு கார்ட் தவறினாலும் பாடுபவரின் குரல் பாட்டைத் தாங்கிக்கொள்ளும், அடுத்த ஆவர்த்தத்தின் முதல் எண்ணிக்கையில் நீங்கள் திரும்பவும் ஏறிக்கொள்ளலாம். இரவல் கிட்டார், குளிர்ந்த விரல், கூட்டத்தின் இரைச்சல் ஆகிய மூன்றையும் தாங்கி நின்ற பாட்டு என் அனுபவத்தில் இது ஒன்றே.

ஆனால் குரல் வேண்டும். குரல் இல்லாமல் இந்தக் கார்ட் வரிசையை மட்டும் வாசித்தால் இரண்டாம் கண்ணியிலேயே கேட்பவர் களைத்துவிடுவார். அனிமல்ஸ் வடிவில் எரிக் பர்டன் தாழ்ந்த குரலில் தொடங்கிப் பின்னர் ஒரு ஸ்தாயி மேலே தாவிப் பாடுகிறார். அந்தத் தாவல்தான் பாட்டின் உச்சம். ஏ மைனரில் அதை எட்ட முடியாதவர்கள் கீழேயே முழுவதையும் பாடிவிடுகிறார்கள், பாட்டு தரையை விட்டு எழுவதே இல்லை. கேப்போவை (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தி ஸ்ருதியை உயர்த்தும் கவ்வியை) இரண்டு மூன்று ஃப்ரெட்டுகள் ஏற்றிவைத்துத் தாழ்ந்த பகுதியைத் தெளிவாக்கிக்கொள்வது ஒரு வழி. அப்போது மேல் ஸ்தாயி இன்னும் எட்டாமல் போகும். ஆகவே தாவலை விட்டுவிட்டுக் கடைசிக் கண்ணியில் கிட்டாரை உரக்க ஒலிக்கச் செய்து உச்சத்தை அங்கே வைப்பதே பலருக்கும் பொருந்துகிறது.

"பிளாக்பேர்ட்" பற்றி அன்போடு எழுதுகிறேன். ஏனெனில் ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1968-இல் பால் மெக்கார்ட்னி தனி ஒருவராகக் கிட்டாரும் குரலுமாகப் பதிவு செய்த பாட்டு. தாளத்துக்கு அவர் காலைத் தட்டும் ஓசைகூடப் பதிவில் கேட்கிறது. இளமையில் அவரும் ஜார்ஜ் ஹாரிசனும் வாசித்துப் பழகிய பாஹ்வின் ஈ மைனர் நடன இசையிலிருந்து இதன் கட்டமைப்பு பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கீழே ஒரு குரலும் மேலே ஒரு குரலும் இணையாக நடக்க, இடையில் மூன்றாம் தந்தி திறந்தபடி தம்பூராவின் ஸ்ருதிபோல் ஓயாமல் ஒலிக்கிறது. பெரும்பாலான இடங்களில் இரண்டு தந்திகளை மட்டும் அழுத்தினால் போதும். பார் கார்ட் பிடிக்கத் திணறும் கைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

கடினம் எங்கே என்றால், எண்ணிக்கையில். ஆவர்த்தங்களின் நீளம் மூன்று, நான்கு, இரண்டு என்று மாறிக்கொண்டே போகிறது. ஆதி தாளத்தில் ஊறிய நமக்கு எட்டு எண்ணிக்கை முடியும் இடத்தில் கை தானாக அழுத்தம் கொடுக்கப் பார்க்கும். இங்கே அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. எண்ணி வாசிப்பதை விட்டுவிட்டுச் சொற்களை மனத்துக்குள் பாடியபடி வாசித்தபோதுதான் எனக்கு இது வசப்பட்டது. இன்னொரு கடினமான இடம் தொடக்கத்திலேயே வருகிறது: 2-ஆம் 3-ஆம் ஃப்ரெட்டுகளில் இருக்கும் கை ஒரே தாவலில் 10-ஆம் 12-ஆம் ஃப்ரெட்டுகளுக்குப் போக வேண்டும். கண்ணால் பார்த்துத் தாவினால் கை சரியாக விழுகிறது; பாடிக்கொண்டு முன்னால் இருப்பவரைப் பார்த்தால் ஒரு ஃப்ரெட் தவறுகிறது, அந்தத் தவறு மறைக்க முடியாதபடி உரக்க ஒலிக்கிறது. இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகமான பாட்டு இது. குரல் இல்லாமலும் முழுமையாக ஒலிக்கும் என்பதால் தனியாக வாசிப்பவருக்கு ஏற்றது. ஆனால் மூன்று மாதத்தில் இதை மோசமான நாளிலும் சரியாத அளவுக்குக் கொண்டுவருவது, என் கணிப்பில், ஏற்கெனவே விரல்களால் தனித்தனியாக மீட்டிப் பழகியவருக்கே இயலும். மற்றவர்கள் இதை ஓர் ஆண்டு உடன்வைத்துப் பழகலாம். அவசரப்படுத்தத் தகாத பாட்டு.

தமிழ்ப் பாட்டுகளுக்கு வருகிறேன். தமிழ்க் குடும்பம் ஒன்றில் யாராவது கிட்டாரை எடுத்தால், வந்திருப்பவர்களின் முதல் விருப்பம் "இளைய நிலா" என்றே இருக்கும். 1982-இல் வெளிவந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய இந்தப் பாட்டில் கிட்டார் ஒரு துணைக் கருவியாக இல்லை, இன்னொரு பாடகராகவே நடக்கிறது. இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டார் வாசித்தவர். எந்த விரல் எந்தத் தந்தியில் எப்படி ஒலிக்கும் என்று கையால் அறிந்தவர் எழுதிய இசை என்பது தொடக்கத்திலேயே புலப்படும். தொடக்கக் கிட்டாரின் முதல் சில ஸ்வரங்கள் ஒலித்ததுமே அறையில் பேச்சு நின்றுவிடுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

அந்தப் பேச்சு நிற்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. "ரொமான்ஸ்" கேட்பவருக்கு அது எப்படி ஒலிக்க வேண்டும் என்ற முன்நினைவு அவ்வளவாக இருக்காது. "இளைய நிலா" கேட்பவருக்கோ ஒவ்வொரு ஸ்வரமும் மனப்பாடம். தொடக்க இசையில் ஒரு ஸ்வரம் விடுபட்டால் அவர் மனத்தில் அது ஒலித்துக்கொண்டே இருக்கும், உங்கள் கையில் ஒலிக்காததும் தெரிந்துபோகும். அதைவிடப் பெரிய சிக்கல் இடையிசை. நம் திரைப்பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே ஒரு முழு இசைக்குழு பேசுகிறது. தனிக் கிட்டாருடன் அமர்ந்தவர் அங்கே என்ன செய்வது? கார்டுகளை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் வெறுமை தெரியும். எல்லாவற்றையும் ஒற்றைத் தந்தி மெட்டாக வாசித்தால் கீழிருந்து தாங்கும் பாஸ் இல்லாமல் மெலிந்துவிடும். பழகுபவர்கள் பல்லவியோடு நின்றுவிடுவதற்குச் சோம்பல் காரணம் இல்லை. இந்தக் கேள்விக்கு விடை காணாததே காரணம். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருமுறை இடையிசையில் நான் கையைத் தூக்கியபோது, அத்தையும் அவர் மகளும் அதை வாயாலேயே பாடி முடித்து என்னைச் சரணத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அவ்வளவு தூரம் அந்த இசை மக்களுக்குச் சொந்தமாகியிருக்கிறது. அதைச் சொந்தப் பாட்டு என்று எடுத்துக்கொள்பவர் இரண்டு இடையிசைகளுக்கும் தாமே ஒரு கிட்டார் வடிவம் அமைத்துக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன்.

அந்த வகையில் "என் இனிய பொன் நிலாவே" சற்று இணக்கமானது. 1980-இல் வந்த "மூடுபனி" இளையராஜாவின் 100-ஆவது படம். இந்தப் பாட்டைக் கே.ஜே. யேசுதாஸ் பாடினார், திரையில் பிரதாப் போத்தன் கையில் கிட்டாருடன் அமர்ந்து பாடுவதாகவே காட்சியும் அமைந்திருக்கிறது. ஒருவர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருப்பவருக்காகப் பாடுவது என்ற அந்தச் சூழலே பாட்டின் இயல்பு. ஆகவே வீட்டுக் கூடத்தில் அது அன்னியமாகத் தோன்றுவதில்லை. ஸ்ட்ரம்மிங்கின் (தந்திகளை ஒருசேர வருடி அடிப்பதன்) நடை நிலையாக இருந்தால் இடையிசையைச் சுருக்கிவிட்டுச் சரணத்துக்குப் போனாலும் கேட்பவர் ஏற்றுக்கொள்கிறார். கவனிக்க வேண்டியது வலது கையைத்தான். பல்லவியில் மென்மையாகத் தொடங்கும் கை, சரணத்தில் கார்ட் மாற்றங்கள் நெருங்கி வரும்போது பதற்றத்தில் உரக்க அடிக்கத் தொடங்கும். குரல் அதற்கு மேல் எழ முயன்று ஸ்ருதி விலகும். தந்தியை மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலின் சதைப்பகுதியால் மீட்டினால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடுகிறது.

இனி தேர்வு. உங்களுக்குப் பாட வரும் என்றாலோ, வீட்டில் பாடும் ஒருவர் எப்போதும் உடன் இருப்பார் என்றாலோ, "என் இனிய பொன் நிலாவே" பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். கேட்பவருக்குத் தெரிந்த பாட்டு, தாங்கக்கூடிய கடினம், பிழை நேர்ந்தால் மீளும் வழி ஆகிய மூன்றும் அதில் ஒன்றாகக் கிடைக்கின்றன. உங்கள் நண்பர்கள் ஆங்கிலப் பாட்டுகள் கேட்பவர்கள் என்றால் அதே இடத்தை "ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்" நிரப்பும். கை உறுதியைப் பொறுத்தவரை அது இன்னும் ஒரு படி பாதுகாப்பானது. பாட வராதவர், அல்லது பாடக் கூச்சப்படுபவர், "ரொமான்ஸ்" முதல் பகுதியோடு நிறைவடையலாம். குரலற்ற ஒருவரை ஒரு நிமிடத்துக்கு முழு இசைக்கலைஞராக நிற்கவைக்கும் வல்லமை அதற்கு உண்டு. "இளைய நிலா" இரண்டாவது கிட்டாரோ கீபோர்டோ துணைக்கு இருப்பவருக்கும், தாமே வடிவம் அமைக்கத் துணிந்தவருக்கும் உரியது. "பிளாக்பேர்ட்" பாட்டை நாள் குறிக்காமல் தொடங்குங்கள்.

எதைத் தேர்ந்தாலும், ஒரு வாரம் காலையில் எழுந்து டியூனரில் தந்திகளைச் சரிசெய்ததும், எந்தப் பயிற்சியும் இல்லாமல் அந்தப் பாட்டை ஒரே ஒரு முறை வாசித்துக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பிழை வந்தால் நிறுத்தாதீர்கள், இரண்டாம் முறை பதியாதீர்கள். ஏழு பதிவுகளையும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரிசையாகக் கேளுங்கள். ஏழிலும் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த இடத்தைத் தனியே எடுத்துப் பழகினால் சரியாகிவிடும். பாட்டு உங்களுக்கு உரியதே. ஒவ்வொரு நாளும் வெவ்வேறு இடத்தில் தடுமாறினால் பாட்டு இன்னும் உங்கள் கையைவிடப் பெரியது. அதை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு ஒரு படி எளிய பாட்டுக்கு வாருங்கள். நான் "ரொமான்ஸ்" இரண்டாம் பகுதியை இப்படித்தான் தள்ளிவைத்தேன். முதல் பகுதிக்கான ஏழு பதிவுகளிலும் தடுமாறிய ஒரே இடம் சுண்டுவிரல் 11-ஆம் ஃப்ரெட்டுக்கு நீளும் அந்த ஆவர்த்தம்தான். அதை மட்டும் தினமும் காலை இருபது முறை, நிமிடத்துக்கு 50 அடி என்ற வேகத்தில், வேறெதுவும் வாசிப்பதற்கு முன் வாசித்து வருகிறேன்.